டியூஷன் ஆசிரியருக்கும் செலவுக் கணக்கு உண்டு



ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பெரியவர்கள் சொல்லி வைத்த வார்த்தை. அளப்பதும் நிறுப்பதும் எழுதி வைப்பதும் நமக்குக் கைவந்த வேலை. அன்றைய சிட்டையைப் பார்க்காமல், கல்லாவை எண்ணாமல் கடை அடைக்கும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. ஆனால் அதே வியாபாரியின் வீட்டு மாடியில் மாலை ஐந்து மணிக்கு இருபது, முப்பது பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். மனைவியோ, மகளோ, மருமகளோ அவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த வருமானத்துக்கு வரவு செலவு நோட்டு இருக்கிறதா என்று கேட்டால், பல வீடுகளில் இல்லை என்பதுதான் பதில். "அது என்ன பெரிய வருமானம், வீட்டுச் செலவுக்கு ஆகிறது" என்று சொல்லி விடுகிறோம்.

வருமான வரி பற்றிப் பேசும் போதெல்லாம் கடை, குடோன், கொள்முதல், விற்பனை என்றே நாம் பேசி வந்திருக்கிறோம். இம்முறை, சொந்தமாகப் பாடம் சொல்லிப் பிழைக்கும் டியூஷன் ஆசிரியர்களின் செலவுக் கழிவு பற்றிப் பேச விரும்புகிறோம். செலவை எழுதி வைக்காததால் இவர்கள் கைக்கு வராத லாபத்துக்கு வரி கட்டும் நிலையில் நிற்கிறார்கள். வியாபாரிக்கும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுத்த எளிய வழியை அரசும் இவர்களுக்குத் தெளிவாகக் கொடுக்கவில்லை. முதல் குறையை நாம் வீட்டில் இருந்தே சரி செய்யலாம். இரண்டாவது குறைக்கு சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும்.

இது நம் விஷயமா?

மளிகைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை நிறைய இருக்கிறது.

முதலாவது, இது நம் வீட்டு வருமானம். மனைவி தன் படிப்பாலும் உழைப்பாலும் சம்பாதிப்பது அவருடைய வருமானம். அதைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவருக்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, தனி அடிப்படை விலக்கு எல்லாம் உண்டு. அப்படி இருக்க, அதைக் கடைக் கணக்கில் கலந்து விடுவது நமக்கு நாமே தேடிக்கொள்ளும் வினை.

கலப்பது எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோர், கீழே கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து டியூஷன் பணத்தையும் போட்டு விடுகிறார்கள். அரிசி, பருப்பு விற்ற பணமும் பாடம் சொன்ன பணமும் ஒரே வங்கிக் கணக்கில் விழுகின்றன. நாளைக்கு ஓர் அதிகாரி அந்த வங்கிக் கணக்கை வைத்துக் கொண்டு "இதுதான் உங்கள் விற்பனை" என்றால் என்ன பதில் சொல்வோம்? 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவுகளை வைத்து வணிக வரித் துறை சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியதையும், அங்கே எழுந்த கொந்தளிப்பையும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

இரண்டாவது, இவர்கள் நம் வாடிக்கையாளர்கள், நம் வாடகைதாரர்களும்கூட. கடைவீதியில் மாடி அறையை எடுத்து டியூஷன் சென்டர் நடத்தும் இளைஞர்கள் இல்லாத ஊர் உண்டா? படித்து முடித்து, அரசு வேலைக்குக் காத்திருந்து, கடைசியில் கரும்பலகையை நம்பிப் பிழைக்கும் பிள்ளைகள் அவர்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். பள்ளியில் வேலை பார்த்துக் கொண்டே டியூஷன் எடுப்பவர்களுக்காக நாம் வாதாடவில்லை. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று தடுக்கிறது. நாம் பேசுவது பள்ளிச் சம்பளம் வாங்காமல், பாடம் சொல்வதையே சொந்தத் தொழிலாக வைத்திருப்பவர்களைப் பற்றி.

நான்கு பேருக்கு நான்கு தராசு

ஒரே தெருவில் நான்கு பேர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தனியார் பள்ளியில் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர், டாக்டர் ஒருவர், டியூஷன் ஆசிரியர் ஒருவர். நால்வரையும் வருமான வரிச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு நிலைக்கழிவு உண்டு. புதிய வரி முறையில் 2024-25 நிதியாண்டில் இருந்து 75,000 ரூபாய். பழைய முறையில் 50,000 ரூபாய். இதற்கு ஒரு ரசீதும் காட்ட வேண்டாம். பேனா வாங்கினாயா, பஸ்ஸில் போனாயா என்று யாரும் கேட்பதில்லை.

மளிகைக் கடைக்காரருக்கு 44ஏடி பிரிவு இருக்கிறது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய் வரை இருந்தால், விற்பனையில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டலாம். வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 3 கோடி. பேரேடு கேட்க மாட்டார்கள், ஆடிட்டும் இல்லை. தாக்கல் செய்யும் படிவத்துக்கே "சுகம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

டாக்டருக்கு 44ஏடிஏ பிரிவு. 2016 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்தது. ஆண்டு வரவு 50 லட்சம் வரை (ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை) இருந்தால், பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மறுபாதியைச் செலவு என்று சட்டமே ஒப்புக் கொள்கிறது.

டியூஷன் ஆசிரியருக்கு என்ன இருக்கிறது? 44ஏடிஏ சலுகை 44ஏஏ பிரிவில் பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பிறகு அறிவிக்கை மூலம் சினிமாக் கலைஞர், கம்பெனிச் செயலர், தகவல் தொழில்நுட்பம் போன்றவையும் சேர்ந்தன. வீட்டுக்கு அலங்காரம் செய்பவர் இருக்கிறார், சினிமாவில் பாட்டு எழுதுபவர் இருக்கிறார், பாடம் சொல்பவர் இல்லை!

சரி, நம்மோடு 44ஏடியில் வரட்டும் என்றால், அந்தப் பிரிவு "வியாபாரம்" என்றுதான் பேசுகிறது. டியூஷன் வியாபாரமா, தொழிலா? ஒரு ஆடிட்டர் வியாபாரம் என்று சொல்லி அதில் போடுகிறார். இன்னொருவர் அது சரிப்படாது, முழுக் கணக்கு எழுதிக் கொண்டு வாருங்கள் என்கிறார். இருவரையும் குறை சொல்ல முடியாது. சட்டம் அப்படி இருக்கிறது.

இன்னொரு விசித்திரத்தையும் பாருங்கள். பயிற்சி நிலையங்களுக்குப் போய்ப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்குப் பணம் தரும்போது, தொழில்முறைக் கட்டணம் என்று சொல்லி 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடித்துக் கொண்டு கொடுக்கும் நிலையங்கள் பல. பிடிக்கும் போது அவர் தொழில்முறையாளர். சலுகை கேட்கும் போது பட்டியலில் பெயர் இல்லை.

பட்டியலில் இல்லாத தனிநபர், முந்தைய மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஓர் ஆண்டில் 2,50,000 ரூபாய்க்கு மேல் வருமானமோ 25 லட்சத்துக்கு மேல் வரவோ பெற்றிருந்தால், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்கிறது 44ஏஏ. 2,50,000 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 21,000 ரூபாய். ஆக, 2 கோடி ரூபாய் விற்கும் கடைக்காரர் பேரேடு வைக்க வேண்டாம். மாதம் 21,000 சம்பாதிக்கும் டியூஷன் டீச்சர் வைக்க வேண்டும். இதை நியாயம் என்று எந்த வியாபாரி சொல்வார்?

2026 ஏப்ரல் 1 முதல் செல்லுபடியாகும் 2025 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. நாம் பழைய எண்களைச் சொல்வது, ஆடிட்டர்கள் வாயில் அவைதான் பழகியவை என்பதால்.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

சட்டம் மாறும் வரை டியூஷன் ஆசிரியருக்கு இருக்கும் உறுதியான வழி, உண்மைச் செலவை எழுதிக் கழிப்பதுதான். இது சிறிய வழியல்ல. பலர் "புதிய வரி முறையில் கழிவே கிடையாது" என்று தவறாக நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பிரீமியம், பி.பி.எஃப். போன்ற சேமிப்புக் கழிவுகள்தான் புதிய முறையில் போய் விட்டன. தொழில் செலவு எந்த முறையிலும் போகவில்லை. கொள்முதல் விலையைக் கழிக்காமல் விற்பனை முழுவதையும் லாபம் என்று நாம் சொல்வோமா? அதே போலத்தான் இதுவும்.

சட்டம் கேட்பது மூன்று. செலவு முழுக்க அந்தத் தொழிலுக்காக மட்டுமே ஆகியிருக்க வேண்டும். சொந்தச் செலவாக இருக்கக் கூடாது. முதலீட்டுச் செலவாக இருக்கக் கூடாது. இதற்கு உட்பட்டு எழுதக் கூடியவை இவை:

இடத்து வாடகை, மின் கட்டணம், துப்புரவுச் சம்பளம். சாக்பீஸ், மார்க்கர், டஸ்டர், மாதிரி வினாத்தாள், ஜெராக்ஸ், வழிகாட்டிப் புத்தகங்கள். துணைக்கு வைத்த ஆசிரியரின் சம்பளம். நோட்டீஸ் அச்சடித்த கூலி, போர்டு, கேபிள் டி.வி. விளம்பரம். பாடத்துக்குப் பயன்படும் அளவுக்கு போன், இன்டர்நெட் கட்டணம். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பவர் என்றால் பெட்ரோல், பஸ் செலவு. ஆடிட்டர் கட்டணம். உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரி. அதன் உச்ச வரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய்.

கம்ப்யூட்டர், பெஞ்சு, நாற்காலி வாங்கினால் முழு விலையையும் அந்த ஆண்டே எழுத முடியாது. தேய்மானமாகத்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம், மர, இரும்புச் சாமான்களுக்கு 10 சதவீதம். வாங்கி 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதி.

வீட்டிலேயே டியூஷன் என்றால் கவனம் வேண்டும். வாடகை வீட்டில் ஒரு அறையை டியூஷனுக்கு என்று ஒதுக்கியிருந்தால், அந்த அளவுக்கு வாடகையையும் மின் கட்டணத்தையும் பிரித்து எழுதலாம். சொந்த வீடாக இருந்தால் தனக்குத் தானே வாடகை கொடுத்ததாக எழுத முடியாது. அந்தப் பகுதிக்கு உரிய பழுது பார்ப்பு, வீட்டு வரி, தேய்மானம் போன்றவற்றை எழுதலாம். வீடு கணவர் பெயரில் இருந்து, மனைவி நியாயமான வாடகையை வங்கி மூலம் உண்மையாகவே கொடுத்தால் அதைச் செலவாக எழுத இடம் உண்டு. ஆனால் கணவர் அதைத் தன் வீட்டு வருமானமாகக் காட்ட வேண்டும். பேப்பரில் மட்டும் கொடுத்த வாடகை நிற்காது.

எழுதக் கூடாதவற்றையும் சொல்லி விடுவோம். வீட்டு மளிகை, சொந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், துணிமணி, கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ், கட்டிய வருமான வரி, அபராதம் எதுவும் தொழில் செலவாகாது. நம் கடையில் வாங்கிய மிளகாயும் மல்லியும் டியூஷன் செலவில் ஏறினால், அதிகாரி மற்ற செலவுகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

"12 லட்சம் வரை வரி இல்லையே, பிறகு ஏன் இந்தத் தலைவலி?" என்று கேட்பவர்களுக்காக இந்தக் கணக்கு. 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி, மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிறது. உண்மைதான். ஆனால் அந்த 12 லட்சம் என்பது செலவு போக மிஞ்சிய வருமானம்.

கடைவீதி மாடியில் ஒரு டியூஷன் சென்டர். 100 பிள்ளைகள், தலைக்கு மாதம் 1,500 ரூபாய், ஆண்டில் 10 மாதம். வரவு 15,00,000 ரூபாய். செலவு: வாடகை மாதம் 15,000 வீதம் 1,80,000. துணை ஆசிரியர் சம்பளம் 1,00,000. மின்சாரம் 48,000. அச்சு, ஜெராக்ஸ் 40,000. விளம்பரம் 12,000. போன், இன்டர்நெட் 12,000. 50,000 ரூபாய் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 20,000. 80,000 ரூபாய் பெஞ்சு, மேஜைக்குத் தேய்மானம் 8,000. ஆக மொத்தம் 4,20,000 ரூபாய்.

இந்தச் செலவை ஒழுங்காக எழுதியவரின் வருமானம் 10,80,000 ரூபாய். வரி இல்லை.

ஒன்றும் எழுதாதவரின் கதை என்ன? 15,00,000 முழுவதும் வருமானம். 4 லட்சம் முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம் 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம் 40,000. மீதி 3 லட்சத்துக்கு 15 சதவீதம் 45,000. கூட்டினால் 1,05,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 4,200. மொத்தம் 1,09,200 ரூபாய். இரண்டு பேரும் ஒரே மாடியில், ஒரே பாடத்தை, ஒரே பிள்ளைகளுக்கு நடத்தியவர்கள்தான். ஒருவர் நோட்டில் எழுதினார், மற்றவர் எழுதவில்லை. வித்தியாசம் 1,09,200.

சிறிய அளவில் நடத்துபவருக்கும் இதில் லாபம் உண்டு. பயிற்சி நிலையம் பிடித்த 10 சதவீதத்தைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டும். வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது ரிட்டர்ன் நகல். தொழில்முறை வரவு ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால், வரி வராவிட்டாலும் ரிட்டர்ன் கட்டாயம் என்று விதி இருக்கிறது. வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வந்து நிற்கும். பள்ளிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, தனியார் டியூஷனுக்கு அந்த விலக்கு இல்லை. வரம்புக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

ரொக்கத்தால் வரும் நஷ்டம்

மேலே சொன்ன கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வியாபாரிகள் பலருக்கும் அது பழகிய கண்ணி.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை 40ஏ(3) பிரிவு ஏற்பதில்லை. 2017-18 நிதியாண்டுக்கு முன் இந்த வரம்பு 20,000 ஆக இருந்தது. விவசாயியிடம் நேராக விளைபொருள் வாங்கும் போது நமக்கு விலக்கு உண்டு. மாடி வாடகைக்கு அந்த விலக்கு இல்லை.

நம் டியூஷன் சென்டர்காரர் மாதம் 15,000 வாடகையை ரொக்கமாகவே கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாடகை உண்மை, ரசீதும் உண்மை. ஆனாலும் 1,80,000 ரூபாய் கழிவு போய் விடும். வருமானம் 12,60,000 ஆகிறது. 12 லட்சத்துக்குச் சற்று மேலே போனவர்களுக்கு உள்ள சலுகையையும் கணக்கிட்ட பிறகு, வரி 60,000, செஸ் 2,400. மொத்தம் 62,400 ரூபாய். அதே வாடகையை வங்கி மூலம் கொடுத்திருந்தால் ஒரு காசு வரி கிடையாது.

அந்த மாடியின் உரிமையாளர் யார்? பல இடங்களில் நாம்தான். வாடகையைக் கையில் கொடு என்று வற்புறுத்தும் நண்பர்கள், கரும்பலகையை நம்பிப் பிழைக்கும் ஒரு பிள்ளைக்கு 62,400 ரூபாய் நஷ்டம் வைக்கிறோம் என்பதை உணர வேண்டும். இதை நாம் கடிந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகளும் நாளை வேறொருவர் மாடியில் வாடகைக்கு இருக்கலாம்.

சில எதிர்க் கேள்விகள்

கல்வியை வியாபாரத்தோடு சேர்த்துப் பேசுவதா என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆயுத பூஜை அன்று தராசுக்கும் படிக்கல்லுக்கும் சந்தனம் வைக்கிறோம். அதே நாள்தான் புத்தகத்துக்கும் பூஜை. பாடம் சொல்வது புனிதமான காரியம் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வாடகையும் கரண்ட் பில்லும் புனிதம் பார்த்துக் குறைவதில்லை.

இந்தச் சலுகையைக் கொடுத்தால் பெரிய கோச்சிங் நிறுவனங்கள் புகுந்து கொள்ளும் என்பது இன்னொரு வாதம். 44ஏடிஏ பிரிவில் வரவு வரம்பு இருக்கிறது. கம்பெனிகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. கோடிக் கணக்கில் வசூலிப்பவர்கள் அந்த வாசலில் நுழைய முடியாது.

50 சதவீதம் அதிகம் என்பது மூன்றாவது வாதம். இதில் நியாயம் இருக்கிறது. நாம் மேலே போட்ட கணக்கில் உண்மைச் செலவு 28 சதவீதம்தான். 50 சதவீதச் செலவு என்பது அவருக்குத் தாராளம். எல்லா டாக்டருக்கும் பாதி வரவு செலவாகிறதா என்று அரசு பார்க்கவில்லையே என்று நாம் திருப்பிக் கேட்கலாம். ஆனால் பிடிவாதம் பிடிக்கவில்லை. டியூஷனுக்கு வேறு சதவீதம்தான் சரி என்றால் அரசு அதை நிர்ணயிக்கட்டும். ஒரு எண் வேண்டும், அது சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே கேட்பது.

எளிய முறை கொடுத்தால் ஏமாற்று பெருகும் என்று அந்தக் காலத்தில் நம்மைப் பற்றியும் சொன்னார்கள். 1992 இல் சிறு சில்லறை வியாபாரிக்கு ஆண்டுக்கு 1,400 ரூபாய் கட்டினால் போதும் என்று ஒரு திட்டம் வந்தது. 1997 இல் 44ஏஎஃப் பிரிவு வந்தது. 40 லட்சம் வரை விற்கும் சில்லறை வியாபாரி 5 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம் என்றது. 2009 ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி, இன்றுள்ள 44ஏடிக்கு அடித்தளம் போட்டது. ஆபீஸ் வாசலையே மிதிக்க அஞ்சிய கடைக்காரர்கள் பலர் அந்த வழியில்தான் முதல் முதலாக ரிட்டர்ன் போட்டார்கள். வழி எளிதாக இருந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு நாமே சாட்சி.

நாம் கேட்பதும், செய்ய வேண்டியதும்

நமது கோரிக்கைகள் இவை. ஒன்று, சொந்தமாகப் பாடம் சொல்லும் ஆசிரியர் தொழிலைக் குறிப்பிட்ட தொழில்களின் பட்டியலில் அறிவிக்கை மூலம் சேர்க்க வேண்டும். சினிமாக் கலைஞருக்கு அறிவிக்கை போட முடிந்தபோது ஆசிரியருக்கும் முடியும். இரண்டு, அதுவரை இவர்கள் எந்தப் பிரிவில் வருவார்கள் என்று நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூன்று, கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய 2,50,000 ரூபாய் வரம்பை, இன்றைய வரி வரம்புகளுக்குப் பொருத்தமாக உயர்த்த வேண்டும். பட்ஜெட்டுக்கு முன் சங்கங்கள் அனுப்பும் மனுக்களில், நம் கோரிக்கைகளோடு இந்த மூன்றையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.

டெல்லி செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்த மாதமே செய்யக் கூடியவை சில உண்டு. டியூஷன் எடுக்கும் வீட்டுப் பெண்மணியின் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அதற்கென்று தனி கியூஆர் அட்டை வாங்கி மாடிப்படியில் ஒட்டுங்கள். கடை அட்டையில் டியூஷன் பணம் வாங்குவதை அன்றோடு நிறுத்துங்கள். ஒரு நீள நோட்டு வாங்கி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று கோடு போட்டுக் கொடுங்கள். பிள்ளையின் பெயர், மாதம், தொகை, தேதி வரவில் வரட்டும். செலவில் எதற்கு, யாருக்கு, எவ்வளவு, எந்த வழியில் கொடுத்தது என்று இருக்கட்டும். ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். கடையில் பில் குத்தும் கம்பி நம்மிடம் இல்லாததா? 10,000 ரூபாய்க்கு மேல் எதுவானாலும் வங்கி வழி. ரிட்டர்ன் போடும் முன், எந்த வரி முறை நல்லது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போய் விட்டுப் புதிய முறைக்குத் திரும்புவது ஒரு முறைதான் முடியும், அதன் பின் பழைய முறை கிடைக்காது. சம்பளக்காரரைப் போல வருடா வருடம் மாற்றிக் கொள்ள இவர்களுக்கு வழி இல்லை.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைக் கணக்குக்காக ஆடிட்டர்களை அழைத்துக் கூட்டம் நடத்துகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை டியூஷன் ஆசிரியர்களுக்கு என்று ஒதுக்குங்கள். உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களையும், மாடியில் சென்டர் நடத்தும் இளைஞர்களையும் அழைத்து வாருங்கள். வரும்போது அந்த நீள நோட்டையும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள்.